அகதிகள் போட்ட நிபந்தனை

ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடுகிற நேரங்களில் எங்கள் ஆட்களுடைய கதை எல்லாம் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும். "சர்வதேசம் எங்களுக்கு என்னத்தைச் செய்தது?" கலியாண வீட்டிலும் கேட்கிறேன், தமிழ்க்கடை வாசலிலும் கேட்கிறேன். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் நாட்டை மட்டும் வைத்துக்கொண்டு பதில் தேடினால் கோபம்தான் மிஞ்சும். அதனால் இன்றைக்கு வேறொரு நாட்டைப் பார்ப்போம். மெக்சிக்கோவுக்குத் தெற்கே இருக்கிற குவாத்தமாலா.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1954இல், தேர்தலில் வென்று வந்த ஜனாதிபதி ஹக்கோபோ ஆர்பென்ஸை சிஐஏ பின்னால் நின்று கவிழ்த்தது. காணிச் சீர்திருத்தம் செய்யப் போனதுதான் அவர் செய்த பெரிய குற்றம். 1960இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1996 டிசம்பர் 29இல்தான் ஒப்பந்தத்தோடு முடிந்தது. கொல்லப்பட்டவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களுமாக 2 லட்சம் பேர் என்பது பின்னர் வந்த உண்மை ஆணைக்குழுவின் மதிப்பீடு. 1981 முதல் 1983 வரை மலைநாட்டில் மாயா பழங்குடிகளின் ஊர்கள் நூற்றுக்கணக்கில் எரிக்கப்பட்டன. இந்தக் காலம் முழுக்க அந்த இராணுவத்துக்குப் பின்னால் அமெரிக்கா இருந்தது. 1999 மார்ச்சில் கிளின்டன் அங்கே போய், அந்த ஆதரவு தவறு என்று தன் வாயாலேயே சொன்னார். ஆகவே "சர்வதேசம்" என்று ஒரு தனி ஆள் கிடையாது. அடித்தவனுக்குத் தடி கொடுத்ததும் சர்வதேசம்தான், பிறகு மருந்து கொண்டு வந்ததும் சர்வதேசம்தான்.

இனி அகதிகளின் கதை. எல்லை தாண்டி மெக்சிக்கோவுக்குள் ஓடி, முகாம்களில் பதிவு செய்யப்பட்டவர்கள் ஏறக்குறைய 45,000 பேர். பெரும்பாலும் மாயா விவசாயிகள். அவர்கள் தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தெரிவு செய்தார்கள். அந்தப் பிரதிநிதிகள் அரசாங்கத்தோடு நேரே மேசையில் இருந்து பேசினார்கள். 1992 அக்டோபர் 8இல் ஒப்பந்தம் ஒன்று எழுதப்பட்டது. நாங்கள் விரும்பித்தான் திரும்புவோம், கூட்டமாகத்தான் திரும்புவோம், எங்களுக்குக் காணி வேண்டும், வெளிநாட்டவர் எங்களோடு துணைக்கு வரவேண்டும். போர் முடியவே இன்னும் நாலு வருடம் இருந்த நேரம் அது. 1993 ஜனவரி 20இல் முதல் கூட்டம், ஏறக்குறைய 2,500 பேர், எல்லை தாண்டி ஊர் திரும்பியது. ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் போன தொண்டர்கள் அவர்களோடு பஸ்ஸில் வந்து, அவர்களோடு அந்தக் கிராமங்களில் தங்கினார்கள். அவர்களிடம் ஆயுதம் இல்லை, கடவுச்சீட்டு மட்டும் இருந்தது. வெள்ளைக்காரன் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது சுடுவதற்கு இராணுவம் கொஞ்சம் யோசிக்கும் என்பதுதான் கணக்கு.

இதை வாசித்தபோது எனக்கு 2008 செப்ரெம்பர் கிளிநொச்சிதான் ஞாபகத்துக்கு வந்தது. ஐ.நா அலுவலக வாசலில் சனம் கூடி, போகாதேங்கோ என்று கெஞ்சியது. அந்தச் சனமும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தது. ஆனால் ஐ.நா போய்விட்டது.

குவாத்தமாலாவிலும் அந்தக் கணக்கு எல்லா இடத்திலும் சரிவரவில்லை. திரும்பிவந்த அகதிகள் ஷமான் என்ற இடத்தில் ஒரு ஊர் அமைத்து, ஒப்பந்தம் எழுதிய நாளையே, 'அக்டோபர் 8' என்று, அந்த ஊரின் பெயரோடு சேர்த்திருந்தார்கள். 1995 அக்டோபர் 5இல், ஊரின் முதலாம் ஆண்டு விழாவுக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தபோது, இராணுவ அணி ஒன்று உள்ளே வந்து 11 பேரைச் சுட்டுக் கொன்றது. ஆனால் 80களில் நடந்ததுபோல இது மூடுண்டு போகவில்லை. மினுகுவா என்ற ஐ.நா கண்காணிப்புக் குழு 1994 நவம்பரிலிருந்தே நாட்டில் இருந்தது. அது விசாரித்து உண்மையை வெளியே சொன்னது. பாதுகாப்பு அமைச்சர் பதவி விலகினார்.

ஐ.நா ஆதரவோடு அமைந்த உண்மை ஆணைக்குழுவுக்கு ஒரு ஜெர்மன் சட்ட அறிஞர், கிறிஸ்டியன் தோமுஷாட், தலைமை தாங்கினார். மற்ற இருவரும் உள்நாட்டவர். 1999 பெப்ரவரி 25இல் அறிக்கை வந்தது. பதிவான மீறல்களில் 93 சதவீதம் அரச தரப்பு, 3 சதவீதம் கெரில்லாக்கள். 626 படுகொலைகள். நான்கு பகுதிகளில் மாயா மக்கள்மீது இனப்படுகொலைச் செயல்கள் நடந்தன என்று அது எழுதியது. எங்கள் ஆட்கள் இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த 3 சதவீதத்தையும் எழுதியபடியால்தான் 93 சதவீதத்தை ஒருவராலும் தட்டிக்கழிக்க முடியவில்லை. இதற்கு முதலே கத்தோலிக்கத் திருச்சபை தானாக ஒரு அறிக்கை தயாரித்திருந்தது. அதை வெளியிட்டு இரண்டாம் நாள், 1998 ஏப்ரல் 26இல், அதற்குப் பொறுப்பாக இருந்த ஆயர் ஹுவான் ஹெரார்டியை அடித்தே கொன்றார்கள். உள்ளூர் ஆட்கள் கொடுத்த விலை அது.

விலை கொடுத்த இன்னொருவர் நினெத் மொந்தெநேக்ரோ. 1984இல் அவருடைய கணவர் பெர்னாண்டோ கார்சியாவைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. அவரும் மற்றக் குடும்பங்களும் சேர்ந்து அதே வருடம் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அடுத்த வருடம் அந்தச் சங்கத் தலைவர்களில் இருவர் கொல்லப்பட்டார்கள். அதன்பிறகு வெளிநாட்டுத் தொண்டர்கள் மிஞ்சியவர்களோடு இரவு பகலாகக் கூடத் திரிந்தார்கள். 2005இல் பழைய பொலிஸ் ஆவணக் களஞ்சியம் ஒன்று தற்செயலாக அகப்பட்டது. ஏறக்குறைய 8 கோடிப் பக்கங்கள், ஈரத்தில் ஊறிக் கிடந்தன. சுவீடன், சுவிஸ் போன்ற நாடுகளின் காசில் உள்ளூர் இளைஞர்கள் அவற்றைத் துப்புரவாக்கிப் பிரதி எடுத்தார்கள். ஒரு பிரதி பத்திரமாக சுவிஸுக்குப் போனது. 2010இல் அந்தத் தாள்களை வைத்தே கார்சியாவைக் கடத்திய இரண்டு பொலிஸ்காரருக்கு 40 வருடத் தண்டனை கிடைத்தது. 26 வருடம் கழித்து!

எலும்புகளின் கதையும் இப்படித்தான். அமெரிக்கத் தடயவியல் நிபுணர் கிளைட் ஸ்னோ உள்ளூர் இளைஞர்களுக்குத் தோண்டப் பழக்கினார். அவர்கள் தங்களுக்கென்று ஒரு நிறுவனம் அமைத்தார்கள். அதன் தலைவராக வந்த பிரெடி பெச்செரெல்லி, 1980இல் குடும்பத்தோடு நியூயோர்க்குக்கு ஓடிய அகதிப் பிள்ளை. அங்கேயே மானுடவியல் படித்து 1995இல் திரும்பிப் போனவர். கோபானில் ஒரு பழைய இராணுவ முகாமில் அவர்கள் தோண்டியபோது 500க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் வந்தன. அந்த முகாம் அப்போது என்னவாக இருந்தது தெரியுமா? ஐ.நா அமைதிப்படைக்கு ஆள் பயிற்றுகிற இடம்!

2013 மே 10இல் முன்னாள் சர்வாதிகாரி ரியோஸ் மொந்துக்கு, இஷில் மக்களை இனப்படுகொலை செய்ததற்காக 80 வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. நாட்டின் சொந்த நீதிமன்றத்தில், சொந்த நீதிபதிமுன், இஷில் பெண்கள் தங்கள் மொழியில் சாட்சி சொன்னார்கள். பத்து நாளில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. மறுவிசாரணை முடியுமுன் 2018இல் அவர் செத்துப்போனார். ஊழலையும் தண்டனையின்மையையும் எதிர்க்க 2007 முதல் ஐ.நா ஆதரவோடு இயங்கிய சிசிக் ஆணைக்குழுவை 2019 செப்ரெம்பரில் ஜனாதிபதி மொராலெஸ் வெளியேற்றினார். அதன்பின் நேர்மையான வழக்குத்தொடுநர்களும் நீதிபதிகளும் ஒவ்வொருவராக நாட்டைவிட்டு ஓடினார்கள். அவர்களும் அகதிகள் ஆனார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். கண்காணிப்புக் குழுவுக்கும் ஆணைக்குழுவுக்கும் தவணை உண்டு. தவணை முடிந்தால் போய்விடுவார்கள், அல்லது போகச் சொல்வார்கள். வழக்கில் வென்றதைக்கூடப் பறிக்கலாம். பறிக்கமுடியாமல் நின்றவை மூன்று: பழக்கப்பட்ட உள்ளூர்க் கைகள், பத்திரமான இடத்தில் இருக்கிற தாள்கள், அடையாளம் கண்டு உறவுகளிடம் ஒப்படைத்த எலும்புகள்.

செம்மணியில் 1999இல் 15 உடல்கள் எடுத்தார்கள். 2025இல் அதே பக்கத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. அவற்றை இனம் காண எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் தடயவியல் படிக்கிறார்கள்? வீடுகளில் அலுமாரிக்குள் கிடக்கிற கடிதங்களையும் படங்களையும் முறையாகப் பதிந்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? சர்வதேசத்திடம் கேட்கவேண்டியதைக் கேட்போம். ஆனால் அந்த மாயா அகதிகள் கேட்டதுபோல, எது வேண்டும் என்று நாங்களே எழுதிக்கொண்டு போய்க் கேட்போம்.