மருத்துவருக்குக் கற்பித்த மேதை விவியன் தாமஸ்

இதய அறுவை மருத்துவத்தின் வரலாற்றில் பட்டம் பெறாத பேராசான் ஒருவர் உண்டு. அவரே விவியன் தாமஸ். 1910-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். தச்சு வேலை செய்து மருத்துவக் கல்விக்கெனச் சேர்த்த பணம், வங்கி முறிந்ததால் அழிந்தது.

1930-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஆல்பிரட் பிளாலாக்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். செய்தது ஆய்வுப் பணி. ஏட்டில் பதிந்ததோ துப்புரவாளர் என்று! 1941-இல் இருவரும் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றனர். பிறவி இதயக் கோளாறால் உடல் நீலம் பாரிக்கும் குழந்தைகளைக் காக்க வழி வேண்டினார் டாக்டர் ஹெலன் டாசிக். கைக்குச் செல்லும் இரத்தக் குழாயை நுரையீரல் குழாயுடன் இணைக்கும் முறையை, தாமஸ் நாய்களிடம் பன்முறை செய்து தேர்ந்தார். 1944 நவம்பர் 29 அன்று பிளாலாக் முதல் குழந்தைக்கு அறுவை செய்தபோது, பின்னால் நின்று வழி கூறியவர் தாமஸே. 1945-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை.

ஆயினும் டென்டன் கூலி முதலிய இளம் மருத்துவர்கள் அவரிடமே நுட்பம் பயின்றனர். 1976-இல் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது.

அவரைத் துப்புரவாளராகப் பதிந்த வாண்டர்பில்ட்டிலேயே, 1970-இல் லீவை வாட்கின்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் முதன்முதலாக மருத்துவப் பட்டம் பெற்றார். ஹாப்கின்ஸில் இதய அறுவை பயின்று, 1980-இல் உடலினுள் பொருத்தும் தானியங்கி இதய அதிர்வுக் கருவியை முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தினார்.

இளைஞர்களே! திறமை தாமஸிடமும் இருந்தது. திறந்த கதவு வாட்கின்ஸுக்கே வாய்த்தது. நமக்குத் திறந்துள்ள கல்விக் கதவினுள் தயங்காது நுழைவோம். பின்வருவோருக்கும் அதனைத் திறந்தே வைப்போம்.