களமும் வீதியும் சந்தியும்: வன்னிப் பெருநிலத்துக் கூட்டுக் கலைகளின் சமூக அடிப்படை பற்றிய சில குறிப்புகள்

1

கலை வரலாறு என்னும் பெயரில் நம்மிடையே இதுகாறும் எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை கலைஞரின் வரலாறாகவோ கலைவடிவங்களின் வரலாறாகவோ அமைந்துள்ளன. ஆட்டத்தின் வகை, மெட்டின் இனம், ஏட்டின் பாடபேதம் ஆகியன நுணுக்கமாக ஆராயப்பட்டுள்ளன. ஆயின் ஆடுவோரும் பார்ப்போரும் ஒன்றுகூடிய இடம் யாருடையது, அவ்விடத்தில் நிற்கும் உரிமை யாருக்கு இருந்தது, அந்த ஓரிரவுப் பொழுது எவ்வகை உழைப்பிலிருந்து மிச்சம் பிடிக்கப்பட்டது என்பன போன்ற வினாக்கள் அருகியே எழுப்பப்பட்டுள்ளன. கூட்டுக்கலை என்பதில் 'கூட்டு' என்னும் சொல்லை நாம் ஐயமின்றி ஏற்றுக்கொண்டு, 'கலை' என்பதை மட்டுமே ஆய்வுக்குரியதாகக் கொண்டு விட்டோம்.

இக்கட்டுரை அந்த முதற் சொல்லை வன்னிப் பெருநிலத்தைச் சான்றாகக் கொண்டு நோக்க முனைகின்றது. மாங்குளத்தை நாம் நோக்குநிலையாகத் தெரிந்தமைக்குக் காரணமுண்டு. வற்றாப்பளையைப் போன்று புராதனமான திருத்தலச் சிறப்போ, முல்லைத்தீவைப் போன்று கோட்டைப் பெருமையோ அதற்கில்லை. கண்டி வீதியிலிருந்து கிழக்கே முல்லைத்தீவுக்கும் மேற்கே வெள்ளாங்குளத்துக்கும் வீதிகள் பிரியும் சந்தி அது. சந்தியிற் பிறந்த ஊர்களுக்குப் பழங்கதைகள் குறைவு. ஆதலால், ஒரு சமூகம் புதிதாகக் கூடும்போது அதன் கலைக்கு என்ன நேர்கின்றது என்பதை அங்கு தெளிவாகக் காணவியலும்.

2

சந்திக்கு முந்தியது களம். வன்னியின் பழைய பொருளாதாரம் குளத்தையும் வயலையும் காட்டையும் ஆதாரமாகக் கொண்டது. காலபோக விதைப்பு, காவல், அருவி வெட்டு, சூடு மிதிப்பு என விரிந்த உற்பத்தி முறைமையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய பாடல்கள் எழுந்தன. பயிரை அழிக்கும் பன்றியையும் குருவியையும் பொருளாகக் கொண்ட 'பன்றிப்பள்ளு', 'குருவிப்பள்ளு' ஆகிய பெயர்களே இவற்றின் அடிப்படையைப் புலப்படுத்தப் போதியன. சூடு மிதிக்கும் களத்தில் நெல்லை நெல்லென்னாது 'பொலி' என்று கூறும் வழக்கமும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. களம் உற்பத்தி நிகழும் இடமாகவும் சடங்கு நிகழும் இடமாகவும் ஒருங்கே இருந்தமையாலேயே அங்கு தனியொரு மொழி வேண்டப்பட்டது.

கவிதையின் பிறப்பினைக் கூட்டு உழைப்பின் தாளத்தோடு தொடர்புபடுத்தி விளக்கிய பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் கருத்துகள் ஈழத்துத் திறனாய்வாளர்க்கு அந்நியமானவையல்ல. கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாமில் அவரிடம் பயின்று, பண்டைத் தமிழ் இலக்கியத்தையும் நாடகத்தையும் அவ்வொளியில் ஆராய்ந்தனர். எனினும் தொம்சனின் விளக்கத்தை வன்னிக்குப் பொருத்தும்போது எச்சரிக்கை தேவை. வன்னியின் களம் வர்க்க பேதமற்ற புராதனக் கூட்டுக் களமன்று. நிலவுடைமையாளனும் குத்தகைக்காரனும் கூலிக்கு அருவி வெட்டுவோனும் அதிலே சந்தித்தனர். பாடல் எல்லோருடையதாக இருந்தது. பொலி எல்லோருடையதாக இருக்கவில்லை. இம்முரண்பாட்டை மறந்து அக்காலத்தை 'ஒன்றுகூடி வாழ்ந்த பொற்காலம்' எனக் கொள்வது வரலாறாகாது.

3

களத்தையடுத்து நாம் நோக்கவேண்டியது கோயில் வீதி. வைகாசி விசாகத்தையொட்டி நிகழும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வன்னியின் மிகப் பெரிய மக்கட் கூட்டமாகும். பாக்குத் தெண்டல், முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்தல், முள்ளியவளை காட்டு விநாயகர் ஆலயத்தில் அக்கடல் நீரால் விளக்கெரித்தல், பின்னர் வற்றாப்பளையிற் பொங்கல் என நாட்கணக்கில் நீளும் இச்சடங்குத் தொடர் கடற்கரையையும் வயல்வெளியையும் ஒரே கதையால் இணைக்கின்றது. காலபோக அறுவடை முடிந்து, உழவர்க்குச் சற்றே ஓய்வும் கையில் நெல்லும் இருக்கும் பருவத்தையடுத்து இது வருவது தற்செயலன்று. கண்ணகி வழிபாட்டின் பின்னணியிலேயே முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தும் செல்வாக்குப் பெற்றது. முல்லைமோடி என இப்பகுதியின் ஆட்டமுறை தனித்துச் சுட்டப்படுவதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. அரசனின் நீதி பிழைத்ததை ஒரு பெண் சபையில் நின்று நிறுவும் கதை, வரியும் குத்தகையும் கட்டி வந்த குடியானவரின் உள்ளத்தில் ஏன் இத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்குப் பக்தி மட்டும் விடையாகாது.

ஆயின் இதே வீதிதான் சமூகப் படிநிலையின் அரங்கமாகவும் விளங்கியது. கோயிற் சடங்குகளில் யார் எதைச் செய்வது என்பது பரம்பரை பரம்பரையாகச் சாதி வழியே வகுக்கப்பட்டிருந்தது. பொங்கலிலும் கூத்திலும் மரண வீட்டிலும் ஒலித்த பறைமேளம் இதற்கு முதன்மையான சான்று. பறை இல்லாது சடங்கில்லை. பறையடிப்போனுக்கோ சடங்கில் இடம் இல்லை. ஊரார் செவிகளிற் கலையாக ஒலித்தது, அடித்தவன் தோளிலே தொழும்பாகக் கனத்தது. வட பகுதியில் 1960களிற் கூர்மையடைந்த சாதியெதிர்ப்புப் போராட்டச் சூழலில் பறையடிக்க மறுத்தலும் தன்மான வெளிப்பாடாகக் கொள்ளப்பட்டதென்பதை நாம் இத்துடன் இணைத்து நோக்கவேண்டும். பறையடித்தலைக் கைவிட்ட இளைஞனைப் பார்த்து, 'மரபு அழிகிறதே' என நாட்டாரியலாளர் வருந்தும்போது, அவ்வருத்தம் யாருடைய இழப்பைப் பற்றியது என்று கேட்காதிருக்க முடியாது. அவனுக்கு அது இழப்பன்று. அவன் தந்தைக்குக் கிட்டாத விடுதலை.

இக்கூற்றினால் கலையின் அழிவை நாம் வரவேற்கின்றோம் என்று கொள்ளலாகாது. தொழும்பிலிருந்து பிரிக்கப்பட்ட கலையே மீண்டும் கலையாக முடியும் என்பதே நமது கருத்து. தமிழ்நாட்டில் 1990கள் தொட்டுத் தலித் கலைவிழாக்களிலும் சக்தி கலைக்குழு போன்ற பெண்கள் குழுக்களின் ஆட்டத்திலும் பறை எழுச்சியின் கருவியாக மாறியமை இதற்குத் தக்க உதாரணம். கருவி மாறவில்லை, அதனை அடிப்போரின் சமூக நிலையும் அடிக்கும் நோக்கமும் மாறின.

4

இனி மாங்குளத்துக்கு வருவோம். 1895இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்கள் பற்றிய தமது கைந்நூலை வெளியிட்ட காலத்தில் இப்பிரதேசம் மக்கள் அடர்த்தி மிகக் குறைந்த காட்டு நிலமாகவே இருந்தது. 1905இல் தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் வரை புகையிரதப் பாதை தொடர்ச்சியாகப் பூர்த்தியானது. காட்டினூடே சென்ற அப்பாதையில் நிலையங்கள் தோன்றின. நிலையத்தைச் சுற்றிக் கடைகளும், மரமும் நெல்லும் ஏற்றியிறக்கும் தொழிலும், வெளியூர்த் தொழிலாளரும் வந்து சேர்ந்தனர். 1940களின் பிற்பகுதியில் மலேரியாவின் கொடுமை கட்டுப்படுத்தப்பட்டமை, வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்கள் புனரமைக்கப்பட்டுக் குடியேற்றத் திட்டங்கள் நிறுவப்பட்டமை, 1977 வன்செயலையடுத்து மலையகத் தமிழர் பெருந்தொகையாக வன்னிக்கு வந்து குடியேறியமை ஆகியன குடித்தொகையின் இயல்பை அடியோடு மாற்றின.

பழைய வன்னிக் குடிகளும், யாழ்ப்பாணத்திலிருந்து நிலந்தேடி வந்தோரும், தோட்டங்களிலிருந்து உயிர்தப்பி வந்தோரும் ஒரே சந்தியில் பேருந்துக்குக் காத்து நின்றனர். இவர்களுக்குப் பொதுவான கோயில் வீதியோ பொதுவான களமோ இருக்கவில்லை. ஒருவர் கோவலன் கூத்தின் மெட்டை அறிந்தவர். மற்றவர் காத்தவராயன் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர். மூன்றாமவர் தோட்டத்து லயன்களின் முன்னே மாசியிற் காமன் கூத்து ஆடுவதைக் கண்டவர். இத்தகைய சூழலில் 'சமூகத்தின் கலை' என்பது முன்னோர் விட்டுச்சென்ற முதுசமாக இருத்தல் இயலாது. அது புதிதாக உருவாக்கப்பட வேண்டிய ஒன்று. குறைந்த கூலியும் நிலமின்மையும் தாங்கி வாழ்ந்த மலையக மக்கள் இங்கும் நெடுங்காலம் 'வந்தோர்' எனவே கருதப்பட்டனர். அவர்தம் கலைகள் வன்னிக் கலைகளின் பட்டியல்களில் எளிதில் இடம்பெறாமையும் இதன் விளைவேயாகும்.

இதே காலப்பகுதியில் ஈழத்துக் கூத்து வரலாற்றில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிற் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றைத் தயாரித்தளித்து, விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்தினைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொணர்ந்தார். இம்முயற்சியாற் கூத்துக்குப் படித்தோரிடையே மதிப்பு உண்டாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆயின் நாற்புறமும் சூழ்ந்திருந்த ஊர் ஒருபுறம் அமர்ந்த சபையாக மாறிற்று. பார்ப்போன் ஆடுவோனின் உறவினன் என்ற நிலை மாறி, நுழைவோன் ஆனான். இதன் அடுத்த கட்டமாக, 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தையொட்டி, காத்தவராயன் பாங்கில் 'கந்தன் கருணை' மேடையேறியபோது, வடிவத்தின் மீட்பு மட்டும் போதாது, அது எவர் பக்கம் நின்று பேசுகின்றது என்பதே முக்கியம் என்ற உண்மை வலியுறுத்தப்பட்டது. வித்தியானந்தன் மரபின் நிறைவும் குறையும் இவ்விரண்டையும் ஒருசேர நோக்கும்போதே புலனாகும்.

5

1990இல் வடபகுதிப் புகையிரதச் சேவை நின்றது. அவ்வாண்டின் இறுதியில் மாங்குளம் படைமுகாம் வீழ்ந்தது. பின்னர் 1998, 1999, 2008 ஆகிய ஆண்டுகளில் அச்சந்தி கைமாறிக் கைமாறிச் சிதைந்தது. போர்க்காலத்தில் வன்னியிற் கலை ஓய்ந்துவிடவில்லை. தெருவெளி நாடகங்களும் கூத்து மெட்டில் அமைந்த பாடல்களும் சந்திகளிலும் பாடசாலை முற்றங்களிலும் நிகழ்ந்தன. களரியின் நாற்புறப் பார்வை ஒருவகையில் மீண்டது எனலாம். ஆயின் அக்கலை அணிதிரட்டலின் தேவைக்குக் கட்டுப்பட்டதாக இருந்தது. மேடையில் அழுத தாயின் துயரத்துக்கு விடை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. மக்களிடம் சென்ற கலை என்பதும், மக்கள் மறுத்துப் பேச இடமளித்த கலை என்பதும் ஒன்றல்ல.

2009இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வன்னியிலிருந்து வெளியேறி முகாம்களில் அடைபட்டனர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே முற்றாக மூடப்பட்டது. மீண்டு வந்தோர் வீட்டின் கூரைக்கு முன்னரே கோயிலின் பொங்கற் பானையைத் தேடிய செய்தியைப் பக்தி மிகுதியாக மட்டும் விளக்குதல் பொருந்தாது. யார் இருக்கின்றார், யார் இல்லை என்பதை ஒருவரையொருவர் பார்த்து எண்ணிக்கொள்வதற்குக் கூடும் இடமொன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது. கூட்டுக்கலையின் மிகப் பழைய தொழிற்பாடு இதுவேயாகலாம்.

6

இவ்விடத்தில் நமது பார்வையைச் சென்னைக்குத் திருப்புதல் பயனுடைத்து. 2007 பொங்கற் காலத்தில் தொடங்கிய 'சென்னை சங்கமம்' கிராமியக் கலைஞரை நகரத்துப் பூங்காக்களுக்கும் வீதிகளுக்கும் கொணர்ந்தது. 2011இன் பின்னர் நின்றுபோன அவ்விழா 2023இல் அரசின் ஆதரவுடன் மீண்டது. 2015இற் பெசன்ட் நகரை அண்டிய ஊரூர்–ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா இதனின்றும் வேறுபட்டது. மார்கழிச் சபாக்களிற் கேட்கும் கருநாடக இசையும் பரத நாட்டியமும், பறையாட்டமும் கட்டைக்கூத்தும் மீனவர் குடியிருப்பிலேயே ஒரே மேடையில் இடம்பெற்றன. பாடகர் டி. எம். கிருஷ்ணா, சுற்றுச்சூழற் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் ஆகியோரோடு குப்பத்து மக்களும் அதன் அமைப்பில் ஈடுபட்டனர். முன்னையதிற் கலைஞன் நகரத்துக்கு விருந்தினனாக வருகின்றான். பின்னையதில் நகரத்து நடுத்தர வகுப்பினர், தாம் ஒருபோதும் கால்வைத்திராத தெருவுக்கு விருந்தினராகச் செல்கின்றனர். விருந்தோம்புபவர் யார் என்னும் வினா இங்கு இடம் மாறுகின்றது.

இதனை மிகைப்படுத்தவும் நாம் விரும்பவில்லை. இரண்டு நாள் விழா மீனவரின் கரையோர உரிமையைக் காப்பாற்றாது; சபாவின் சாதி அமைப்பையும் தகர்க்காது. எனினும் கலைக்கு இடம் என்பது நடுநிலையான வெறும் தரையன்று, அது சமூக உறவு என்பதை நகரம் ஒன்று தன் கண்ணாற் கண்டமைக்கு அது சான்றாகும்.

7

இன்று வன்னியின் கூத்துகள் பெரும்பாலும் பிரதேசப் பண்பாட்டு விழாக்களில், அதிதிகளின் உரைகளுக்கு இடையில், சுருக்கப்பட்டு ஆடப்படுகின்றன. இவ்விழாக்களின் பயனை நாம் மறுக்கவில்லை. அண்ணாவியார் ஒருவருக்குப் பொன்னாடையேனும் கிடைக்கின்றது. ஆனால் அவரிடம் பயில மாலைப்பொழுதில் ஓய்வுள்ள இளைஞர் உளரா, அவர்கள் கூலி வேலையிலிருந்து எத்தனை மணிக்குத் திரும்புகின்றனர், ஆடிப் பழக முற்றம் உண்டா என்ற வினாக்கள் பொன்னாடையோடு முடிந்துவிடுகின்றன.

2013 தொடக்கம் புகையிரதம் மீண்டும் மாங்குளத்தினூடே வடக்கே செல்கின்றது. மாங்குளத்தை மாகாணத்தின் நிருவாக மையமாக வளர்க்கும் யோசனையும் பலமுறை பேசப்பட்டுள்ளது. நகரொன்று திட்டமிடப்படுமாயின் செயலகத்துக்கும் சந்தைக்கும் வங்கிக்கும் வரைபடத்தில் இடம் ஒதுக்கப்படும். குளிரூட்டிய கலாசார மண்டபம் ஒன்றும் எழக்கூடும். மண்டபத்துக்குத் திறப்பு உண்டு. திறப்பை வைத்திருப்பவரும் உண்டு. பழைய வன்னிக் குடியும், குடியேற்றவாசியும், மலையகத்திலிருந்து வந்தவரின் பேரனும், தந்தை பறையை இறக்கிவைத்த இளைஞனும் யாருடைய அனுமதியுமின்றி வட்டமாகக் கூடக்கூடிய ஒரு திறந்த களம் அவ்வரைபடத்தில் இடம்பெறுமா என்பதே கேள்வி. களத்திற் பொலி எல்லோர்க்கும் கிடைக்கவில்லை. வீதியில் நிற்க எல்லோர்க்கும் உரிமையிருக்கவில்லை. சந்தியாவது எல்லோர்க்கும் உரியதாதல் வேண்டும். அவ்வாறு ஆகும்வரை கூட்டுக்கலை என்பதில் முதற் சொல்லை நாம் முழுமையாக எழுதிவிட்டதாகக் கொள்ளலாகாது.