அண்ணன் கடிகாரமும் தம்பி கடிகாரமும்

ஹான்ஸ் வில்ஸ்டார்ப் என்ற ஜெர்மானியர் 1905-ல் லண்டனில் கடிகார வியாபாரம் தொடங்கினார். ரோலெக்ஸ் என்ற பெயரைச் சிருஷ்டித்தவர் அவர்தான். 1926-ல் நீர் புகாத 'ஆய்ஸ்டர்' கூட்டையும் கொண்டுவந்தார். சீமான்களின் மணிக்கட்டுகள் வசமான பிறகும் அவருக்கு ஓர் ஆசை மிச்சமிருந்தது. உழைப்பில் ரோலெக்ஸுக்குச் சமமாக, விலையில் மட்டும் இறங்கிவரும் கடிகாரம் ஒன்று வேண்டும். அதற்காகவே 1946-ல் டியூடர் என்று தனிக் கம்பெனி ஒன்றை நிறுவினார்.

1953-ல் ரோலெக்ஸ் சப்மரைனர் பிறந்தது. கடலில் மூழ்குகிறவர்களுக்கான கடிகாரம். 100 மீட்டர் ஆழம் தாங்கும். மறு வருஷமே டியூடர் சப்மரைனரும் வந்துவிட்டது. அதுவும் 100 மீட்டர்தான்! விலை மட்டும் எப்படிக் குறைந்தது? எஃகுக் கூடும், சாவி கொடுக்கும் திருகும் ரோலெக்ஸினுடையவையே. உள்ளே இருக்கும் இயந்திரம் மட்டும் வெளியே வாங்கியது. இரண்டு வீட்டுக்கும் சுவரும் கூரையும் ஒன்றே. உள்வேலையில் ஒன்றுக்குத் தேக்கு, மற்றதற்கு வேம்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன். மழை ஒழுகாமல் காப்பது தேக்கா, கூரையா?

கடலுக்குள் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் ஒரு மடங்கு கூடுகிறது. மூச்சுக் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. அதிக நேரம் கீழே இருந்துவிட்டு அவசரமாக மேலே வந்தால் அது குமிழ்களாகப் பொங்கும். மூட்டுகள் முறுக்கிக்கொள்ளும், சிலருக்குக் கால் விழுந்துபோகும், உயிரும் போவதுண்டு. கம்ப்யூட்டர் இல்லாத அந்த நாளில் முக்குளிப்பவனுக்குக் கடிகாரம் அலங்காரமல்ல. இறங்கும்போது முகப்பைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பி, அதன் குறியை நிமிஷ முள்ளுக்கு நேரே வைப்பான். பிறகு முள் நகர்ந்த தூரம்தான் அவன் ஆயுள் கணக்கு.

1956-ல் துலோன் துறைமுகத்திலிருந்த பிரெஞ்சுக் கடற்படையின் ஆராய்ச்சிக் குழு டியூடரைச் சோதித்துப் பார்த்தது. அதன் பின் 1980-கள் வரையில் அந்தக் கடற்படை டியூடரை வாங்கிக்கொண்டே இருந்தது. சர்க்கார் என்றாலே மலிவைத் தேடும் என்று சிரிக்கலாம். ஆனால் இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ரோலெக்ஸ் இயந்திரம் நேர்த்தியானது என்பதில் தகராறில்லை. ஆனால் நீருக்குள் இருக்கப்போவது முக்கால் மணியோ, ஒரு மணியோ! அதற்குள் எந்த நல்ல கடிகாரம்தான் என்ன பிசகிவிடும்? கூடு பிசகினால் அல்லவா ஆபத்து? பிரிட்டிஷ்காரர்கள் 1970-களில் ரோலெக்ஸையே வாங்கினார்கள். அவர்கள் கணக்கு வேறு போலும்.

கூட்டின் முதுகில் கடற்படையைக் குறிக்கும் 'எம். என்.' என்ற எழுத்துகளையும் வருஷத்தையும் பொறித்தார்கள். பாரசூட்டின் எலாஸ்டிக் நாடாவை வெட்டிச் சிலர் தாங்களே வார் தைத்துக்கொண்டார்கள். கலங்கல் நீரில் இரண்டு முட்களும் ஒன்றுபோலத் தெரிந்தால் விபரீதம் அல்லவா? 1969-ல் வந்த டியூடரில் மணி முள்ளின் நடுவே சதுரமாக ஒரு வில்லை இருந்தது.

அண்ணன் இதற்குள் சினிமாவுக்குப் போய்விட்டான். 1962-ல் வந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஷான் கானரியின் கையில் இருந்தது ரோலெக்ஸ் சப்மரைனர்.

தம்பியின் கதையில்தான் வேடிக்கை. உப்புநீரில் உழைத்து, கீறல் விழுந்து, வண்ணம் வெளுத்த அந்தப் படைக் கடிகாரங்கள் இப்போது ஏலத்தில் லட்சக்கணக்கான ரூபாய்க்குப் போகின்றன. வாங்க வருகிறவர்கள் மணி பார்ப்பதில்லை. கவிழ்த்து, முதுகில் அந்த இரண்டு எழுத்துகளைத் தேடுகிறார்கள்.