தமிழ்நாட்டில் அரசு மருந்து விநியோகமும் தகவல் பகிர்வும்

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் தேவையான மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து வழங்கும் மாநில அரசு நிறுவனமாகும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இது 1994 ஜூலை 1 அன்று நிறுமமாகப் பதிவு செய்யப்பட்டு, 1995 ஜனவரியில் பணியைத் தொடங்கியது. எந்த மருந்து எந்தக் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்ற தகவலை அடிப்படையாகக் கொண்டு அரசு மருந்து விநியோகத்தைச் சீரமைத்தது இதன் வரலாற்று முக்கியத்துவம் ஆகும்.

பின்னணி

பழைய முறையில் மருந்துத் தட்டுப்பாட்டுக்குப் பணக்குறை மட்டுமே காரணமாக இருக்கவில்லை. ஒரு மருத்துவமனையில் தேங்கிய மருந்து காலாவதியாகும் வேளையில், மற்றொன்றில் அதே மருந்து இல்லாமல் நோயாளி வெளிக்கடைக்கு அனுப்பப்பட வாய்ப்பு இருந்தது. மொத்த இருப்பை ஒரே இடத்தில் காணும் வசதி இல்லாததே இதற்குக் காரணம்.

அடுத்த சரக்கு எப்போது வரும் என்று தெரியாத மருத்துவமனை, தேவைக்கு மேல் கேட்டு வைக்கும். அந்த மிகைத் தேவையை உண்மையெனக் கொண்டு மேலிடம் கொள்முதல் செய்யும். விநியோகச் சங்கிலியில் மேலே செல்லச் செல்லத் தேவையின் ஏற்ற இறக்கம் பெருகும் இந்த இயல்பை, அமெரிக்க அறிஞர் ஜே பாரஸ்டர் 1961இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். பின்னாளில் இது சாட்டை விளைவு எனப் பெயர் பெற்றது. சாட்டையின் பிடியில் ஏற்படும் சிறு அசைவு நுனியில் பெரிய வீச்சாக மாறுவதால் வந்த பெயர் இது.

பாஸ்புக் முறை

கழகம் முதலில் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வரையறுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதல் மாதிரிப் பட்டியலில் இருந்தே இவ்வகை அணுகுமுறை உலகெங்கும் பரவியது. பட்டியல் சுருங்கியதால் கொள்முதல் அளவு பெருகி, ஒப்பந்தப்புள்ளியில் விலை குறைந்தது.

மாவட்டத் தலைநகரங்களில் மருந்துக் கிடங்குகள் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் வழங்கப்பட்டது. ஆண்டு ஒதுக்கீடு அதில் வரவாகவும், எடுத்த மருந்தின் மதிப்பு செலவாகவும் பதியப்பட்டன. ஒதுக்கீட்டுக்குள் எதை, எவ்வளவு எடுப்பது என்பதை மருத்துவமனையே தீர்மானித்தது. தேவை பற்றிய செய்தி இதனால் கீழிருந்து மேலே வந்தது. மிகையாகக் கேட்டால் சொந்த ஒதுக்கீடு கரையும் என்பதால் பதுக்கும் போக்குக்கும் தடை ஏற்பட்டது.

கிடங்குகளின் வரவும் செலவும் கணினியில் பதிவாகித் தலைமையகத்தை எட்டின. இருப்பு குறையும் முன்பே புதிய ஆணை பிறப்பிக்கவும், மிகுந்துள்ள கிடங்கிலிருந்து குறைந்துள்ள கிடங்குக்குச் சரக்கை மாற்றவும் இது உதவியது.

தரச் சோதனை

எல்லாத் தகவலும் எல்லோருக்கும் பகிரப்படவில்லை. கிடங்குக்கு வரும் சரக்கின் மாதிரிகள் உற்பத்தியாளர் பெயர் மறைக்கப்பட்டு, குறியீட்டு எண்ணுடன் ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டன. யாருடைய மருந்து என்று தெரியாமல் சோதிப்பதே இதன் நோக்கம். மாத்திரைப் பட்டைகளில் அரசு முத்திரை அச்சிடப்பட்டதால், வெளிச்சந்தையில் விற்கப்பட்டால் அடையாளம் காண முடிந்தது.

வரம்புகளும் பரவலும்

கிடங்கிலிருந்து வெளியேறிய அளவையே பாஸ்புக் காட்டும். நோயாளியின் கைக்குச் சேர்ந்த அளவை அது காட்டாது. மருத்துவமனை தன் தேவையைத் தாமதமாகக் கேட்டால் கணினி அதை முன்னறியாது. ஆகவே தகவல் முறையின் பயன், மருந்தாளுநர் நாள்தோறும் செய்யும் பதிவின் ஒழுங்கையே சார்ந்துள்ளது.

தமிழ்நாட்டின் அமைப்பு பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியானது. கேரளம் 2007இலும் ராஜஸ்தான் 2011இலும் இத்தகைய கழகங்களை அமைத்தன. ராஜஸ்தானில் 2011 அக்டோபர் 2 அன்று தொடங்கிய இலவச மருந்துத் திட்டம் அம்மாநிலக் கழகத்தின் வழியாகவே நடைமுறைக்கு வந்தது.