ஒடியனின் இரவு: மந்திரவாதிக் கதைகளில் சாதி



மந்திரவாதி என்றதும் யார் நினைவுக்கு வருகிறார்? பெரியவர்களுக்கு 1951இல் வந்த 'பாதாள பைரவி'யில் எஸ்.வி. ரங்காராவ் நடித்த நேபாள மாந்திரீகன் வரலாம். ஹாரி பாட்டர் படித்த பிள்ளைகளுக்கு நீண்ட தாடி வைத்த டம்பிள்டோர் வரலாம். ஊர்ப் பேச்சிலோ 'மலையாள மாந்திரீகம்' என்ற சொல் வரும். அந்த மலையாள நாட்டுக் கதைகளையே இன்று எடுத்துக்கொள்கிறேன். மந்திரத்துக்கும் சாதி உண்டு என்பதை அவை ஒளிக்காமல் சொல்கின்றன.

மலபாரில் ஒடியன் என்றொரு உருவம் உண்டு. இருட்டில் காளையாகவும் நாயாகவும் உருமாறி வருவான், தனியே போகிறவனை வழிமறித்துக் கொல்வான் என்பது நம்பிக்கை. கர்ப்பிணியின் கருவிலிருந்து எடுத்த 'பிள்ளைத் தைலம்' பூசித்தான் உருமாறுகிறான் என்றார்கள். யார் இந்த ஒடியன்? பறையர், பாணர் சாதிகளில் பிறந்தவன் என்றார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் சாதிகளும் பற்றிய நூலிலும், அதே ஆண்டில் எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் கொச்சிச் சாதிகள் பற்றி வெளியிட்ட நூலிலும் இந்த நம்பிக்கை பதிவாகியிருக்கிறது. ஊர் வதந்தி அச்சேறியதும் ஒரு சாதியின் 'இயல்பு' ஆகிவிட்டது.

இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த 'ஐதீஹ்யமாலை'யின் முதல் தொகுதியும் 1909இல்தான் வந்தது. அதில் மந்திரவாதம் செய்யும் நம்பூதிரிகள் வருகிறார்கள். காலடி பட்டதிரி என்பவர் சூரியனை வழிபட்டு, சூரியனிடமிருந்தே மந்திரச் சுவடி பெற்று, தன் தந்தையைக் கொன்ற யட்சியைப் பழிதீர்க்கிறார். இங்கேயும் மந்திரம், பழிவாங்கல் இரண்டும் உண்டு. ஆனால் இவருடையது வித்தை, உபாசனை; பறையனுடையது ஒடி, சூனியம். இவருக்குச் சுவடி கொடுத்தது சூரியன். அவனுக்குக் கிடைத்தது இருட்டு.

இருட்டு ஏன் என்று கேட்க வேண்டும். பகலில் அந்தப் பாதைகள் யாருடையவை? மேல்சாதியார் வந்தால் இத்தனை அடி விலக வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த நாடு அது. அங்கே பறையரும் புலையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள். பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமை முறையின் சட்ட ஏற்பை நீக்கிய சட்டம் 1843இல்தான் வந்தது. பகலில் வழியை விட்டு இறங்கி நின்ற மனிதன், இரவில் நிமிர்ந்து நடந்திருப்பான். அந்த நடையைக் கண்ட ஆண்டைக்கு அது மனித நடையாகத் தெரியவில்லை. ஒடியன் கதையில் நான் படிப்பது பறையரின் மந்திரத்தை அல்ல. தான் செய்த கொடுமைக்கு ஒருநாள் பதில் வரும் என்று ஆண்டை கொண்டிருந்த பயத்தைத்தான்.

'அந்தப் பயம் நமக்கொரு கவசமாக இருந்ததே, அதை ஏன் விட வேண்டும்?' என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பயந்த ஆண்டை சில நேரம் கையை இறக்கியிருக்கலாம். ஆனால் அதே பயம், ஊரில் ஒரு சாவு விழுந்தால் யாரை அடிப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கும். இது பழங்கதை அல்ல. சூனியக்காரி என்று பெண்களை வதைப்பதைத் தடுக்க பீகார் 1999இலும், ஜார்க்கண்ட் 2001இலும், சத்தீஸ்கர் 2005இலும் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அப்படி வதைபட்டவர்களில் ஆதிவாசி, தலித் பெண்கள் ஏராளம். கவசம் என்று நாம் நினைப்பது கழுத்துக்குக் கயிறாகவும் ஆகும்.

சினிமாவும் இந்தக் கதைகளுக்குத் திரும்பியிருக்கிறது. 2018இல் மோகன்லால் ஒடியனாக நடித்தார். பயமுறுத்திய உருவம் நாயகனானது. 2024இல் வந்த 'பிரம்மயுகம்' வேறொரு கேள்வி கேட்டது. அடிமை வாழ்விலிருந்து தப்பி வரும் ஒரு பாணன், ஒரு பாழடைந்த மனையில் சிக்குகிறான். அங்கே மாந்திரீகம் இருப்பது மனைக்குச் சொந்தக்காரரின் கையில். மந்திரத்தை அதிகாரம் இருக்கும் இடத்திலேயே வைத்துக் காட்டியதால் அந்தப் படத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

மாயக்கதைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பாட்டிகள் சொன்ன கதைகளில் எத்தனை மாயம்! எழுதுகிற மாணவர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் கதையில் மந்திரவாதி வந்தால், அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான், அவனை அங்கே அனுப்பியது யார் என்று பாருங்கள்.

1893இல் தெற்கே திருவிதாங்கூரில், வெங்கானூரில் பிறந்த அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். புலையருக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் அதை ஓட்டிப் போனார். அவர் காளையாக உருமாறவில்லை. காளைகளை வண்டியில் பூட்டினார். இரவுக்காகக் காத்திருக்கவில்லை, எல்லோரும் பார்க்கப் போனார். ஒடியனைக் கண்டு பயந்த சமூகம், இந்த மனிதனைக் கண்டுதான் உண்மையில் நடுங்கியது.

ஜெய்பீம்.