கிணற்றுக் கயிறும் துறவியின் நாட்குறிப்பும்

இத்தாலியில் நேப்பிள்ஸ் வளைகுடாவை ஒட்டி, வெசூவியஸ் எரிமலையின் அடிவாரத்தில், தொர்ரே தெல் கிரேக்கோ என்றொரு கடற்கரை நகரம் உண்டு. 1794-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்நகரின் கிணறுகளில் நீர் கீழிறங்கத் தொடங்கிற்று. நாள்தோறும் கயிற்றை நீட்டிக் கட்டினால்தான் வாளி நீரைத் தொட்டது. சில கிணறுகள் வற்றியே போயின. ஊரின் பெரிய நீரூற்றும் மெலிந்தது. அதன் நீரால் ஓடிய மாவு ஆலைகள் தளர்ந்து சுழன்றன. இதைக் காணாதவர் ஊரில் அநேகமாக இல்லை. ஆயினும் காரணம் இன்னதென ஐயுற்றவர் ஒருவரும் இல்லை. 12-ஆம் நாள் நிலம் நடுங்கியது. 15-ஆம் நாள் இரவு மலையின் விலாப்புறம் பிளந்தது. ஓர் இரவுக்குள் நெருப்புக் குழம்பு ஊரின் நடுவே புகுந்து கடலில் போய் விழுந்தது.

இச்செய்திகளைத் திரட்டி, 1795-இல் லண்டன் இராயல் சங்கத்தின் வழியே உலகறியச் செய்தவர், நேப்பிள்ஸ் அரசவையில் ஆங்கிலேயத் தூதராயிருந்த சர் வில்லியம் ஹாமில்ட்டன். அவருடைய பெயரை எரிமலையியல் மறக்கவில்லை. அவருக்காக மலையை நாள்தோறும் நோக்கிக் குறித்து வந்த துறவியின் பெயரை அறிந்தோர் சிலரே. அவர் அருட்தந்தை அந்தோனியோ பியாஜியோ.

பியாஜியோ 1713-இல் பிறந்தவர். ஏழைச் சிறுவர்க்குக் கல்வி புகட்டப் புனித யோசேப்பு கலசான்சியுஸ் நிறுவிய சபையைச் சார்ந்தவர். எரிமலை அவருடைய தொழிலன்று. வத்திக்கான் நூலகத்தில் பணியாற்றிய அவரை 1753-இல் நேப்பிள்ஸ் அரசர் வேறொரு வேலைக்காக அழைத்துக்கொண்டார். கி.பி. 79-இல் வெசூவியஸ் புதைத்த ஹெர்குலேனியம் நகரில் ஒரு மாளிகையைத் தோண்டியபோது, கரிக்கட்டைகளைப் போன்ற பப்பைரஸ் சுருள்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருந்தன. தொட்டால் உதிரும் அவற்றை விரிப்பது எப்படி? பியாஜியோ ஒரு கருவி செய்தார். சுருளின் புறத்தே மெல்லிய சவ்வுத் துண்டுகளை ஒட்டி, பட்டு நூல்களில் கட்டித் தொங்கவிட்டு, மயிரிழை மயிரிழையாக அவிழ்க்கும் முறை அது. முதற் சுருளை விரித்து முடிக்க ஆண்டுகள் சில பிடித்தன. பொறுமையற்றவர்கள் எள்ளி நகையாடியிருப்பார்கள். ஆயினும் கிரேக்க மெய்யியலாரின் இழந்துபோன எழுத்துகள் முதன்முதலாக மீண்டது அந்த நூல்களில் தொங்கித்தான்.

அவர் வாழ்ந்த இடம் ரெசீனா. இன்று எர்க்கொலானோ எனப்படும் ஊர். காலடியில் எரிமலை புதைத்த நகரம். கண்ணெதிரே அதே எரிமலை. 1779 ஆகஸ்டில் மலை பெரும் சீற்றம் கொண்டு ஓய்ந்தபின், ஹாமில்ட்டனின் வேண்டுகோளை ஏற்று அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு 66 வயது. புகையின் தோற்றம், நெருப்பின் ஒளி, முழக்கம், காற்று என யாவும் எழுத்திலும் ஓவியத்திலும் பதிவாயின. ஏறத்தாழ 15 ஆண்டுகள் இப்பணி நின்றபாடில்லை.

இதில் நான் பெரிதும் வியப்பது அவர் கண்ட சீற்றங்களையன்று. மலை வெடிக்கும் நாளில் யார்தான் பாராமல் இருப்பார்! ஒன்றும் நிகழாத நாளிலும் பேனாவை எடுத்தாரே, அதுதான் அரிது. மலையின் இயல்பான மூச்சு இன்னதென்று எழுதி வைத்தால்தானே மூச்சு மாறுவது புலப்படும்? தினமும் ஒரே திருப்புகழ்மாலையை ஓதும் பழக்கமுள்ள ஒருவர்க்கு இது எளிதாக வந்ததோ, என்னவோ.

வெசூவியஸ் வரலாற்றை எழுதுவோர் சிலர், மூடநம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் நடந்த போராட்டமாக அதைச் சித்திரிப்பதுண்டு. 1767-இல் மக்கள் திரண்டு, புனித ஜனுவாரியுஸின் தலைத் திருப்பண்டத்தை வெளியே எடுத்துவரும்படி கர்தினாலை வற்புறுத்தியதை அவர்கள் தவறாது குறிப்பிடுவர். அது நடந்ததே. ஆனால் மன்றாடிய மக்களும், எழுதிய துறவியும் ஒரே திருச்சபையின் பிள்ளைகள் என்பதை ஏனோ குறிப்பிடுவதில்லை. 1841-இல் நிறுவப்பெற்ற வெசூவியஸ் ஆய்வகம் உலகின் எரிமலை ஆய்வகங்களுள் முதலாவது. 1911-இல் அதன் இயக்குநரான ஜுசெப்பே மெர்கால்லியும் ஒரு குருவானவரே. நிலநடுக்கச் செறிவுக்கு அளவுகோல் தந்தவர் அவர்.

குறை வேறோர் இடத்தில் இருந்தது. துறவியின் கண் மலையுச்சியில் இருந்தது; கிணற்றின் ஆழமோ அடுத்த ஊராரின் கைகளில் இருந்தது. பாறைக்குழம்பு மேலேறும்போது நிலம் உப்பி விரிசல்கள் திறக்கும். நிலத்தடி நீர் அவற்றின் வழியே விலகும். ஆதலால்தான் இன்றைய ஆய்வாளர் கிணற்று நீர் மட்டத்தையும் அளக்கின்றனர். அன்றோ, நீர் இறைத்தவர்கள் கயிற்றை நீட்டிக் கட்டிவிட்டுப் போனார்கள். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஓர் ஆள் வந்தது எல்லாம் முடிந்த பிறகே.

ஆயினும் உயிர்ச்சேதம் குறைவு. 18,000 பேர் வாழ்ந்த ஊரில் மாண்டவர் 15 பேருக்கு மேலில்லை என்பது ஹாமில்ட்டனின் கணக்கு. ஊர் போயிற்று, திருச்சிலுவை ஆலயமும் போயிற்று. வேறிடம் செல்ல மறுத்த மக்கள், இறுகிய குழம்பின் மேலேயே வீடு கட்டினார்கள். அவர்களோடு நின்று ஆலயத்தை மீண்டும் எழுப்பியவர் அவ்வூர்க் குரு வின்சென்சோ ரொமானோ. 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். பழைய மணிக்கோபுரத்தின் கீழ்ப்பகுதி பாறைக்குள் நிற்க, மேற்பகுதி இன்றும் புதிய ஆலயத்தருகே தலைகாட்டுகிறது.

அந்த இரவில் பியாஜியோ எண்பதைக் கடந்திருந்தார். 1796-இல் இறைவனடி சேர்ந்தார். அவருடைய கையெழுத்துப் படிகள் எட்டுத் தொகுதிகளாக லண்டன் இராயல் சங்கத்தைச் சென்றடைந்தன.