அரியலூர், பெரம்பலூர்ச் சீமையில் ஆசிரியக் கடமை: ஒரு வரலாற்று நோக்கு

கல்லூரி ஆசிரியர் மாணாக்கர்க்குச் செய்யவேண்டியது யாது என்று வினவினால், உதவிப் பேராசிரியர்க்கு வாரம் 16 மணி நேரப் போதனை, ஆண்டுக்குக் குறைந்தது 180 போதனை நாள் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கையே இன்று பலரும் முதலில் எடுத்துரைப்பர். கல்வியைக் கணக்கில் அடக்கும் இவ்வழக்கம் ஆங்கிலேயர் கொணர்ந்தது என்று கருதுதல் பொருந்தாது. இச்சீமையின் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து அரசு செலுத்திய முதலாம் இராஜேந்திரன் காலத்து, எண்ணாயிரம் என்னும் ஊரின் சாசனம், 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் இருந்த ஒரு வித்தியாசாலையில் எந்தச் சாஸ்திரத்தை எத்தனை பேர் பயிலவேண்டும், யாருக்கு எவ்வளவு நெல் அளக்கவேண்டும் என்பதை நுணுக்கமாக நிர்ணயித்தது. அக்கல்வி வேதமோதும் மரபினர்க்கே உரியதாக இருந்தது என்பதையும் மறத்தலாகாது.

அரசரின் நிவந்தமும் சாசனமும் இன்றி இச்சீமையில் நடந்த போதனைக்கு மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் இளமையே சிறந்த சான்று. 1855-இல் பிறந்த அவர், அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் தமிழ் கற்றார். மகனுக்கு ஆசிரியர் கிடைக்கும் ஊரே தமக்கு ஊர் என்று கருதிய தந்தை வேங்கடசுப்பையர், இராமாயணப் பிரசங்கம் செய்து கிடைத்த வருவாயைக் கொண்டு குடும்பத்தை ஊர்தோறும் நடத்திச் சென்றார். நன்னூல் கஸ்தூரி ஐயங்காரிடத்தும், யாப்பருங்கலக்காரிகை ரெட்டியாரிடத்தும் பாடமாயின. செல்வராகிய ரெட்டியார், மாணாக்கரின் வேட்கை தம் எல்லையைக் கடந்தது கண்டு, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செல்வதே தக்கது என்று தாமே எடுத்துக் கூறிய செய்கை, ஆசிரியக் கடமையின் சிகரம் என்பது என் அபிப்பிராயம். எந்த விதித்தொகுப்பிலும் எளிதில் எழுத வராத கடமை அது. ஆயினும் ஊர்விட்டு ஊர் பெயர இயலாத உழவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சிகரத்தால் யாதொரு பயனும் விளையவில்லை.

1880-இல் சாமிநாதையர் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் தமிழாசிரியரானபோது உறவின் நிலை தலைகீழாயிற்று. ஆசிரியரைத் தேடி மாணாக்கர் குடிபெயர்ந்த நிலை போய், மணியடித்ததும் மாணாக்கர் கூடியிருக்கும் அறைக்கு ஆசிரியர் செல்லும் நிலை வந்தது. 1857-இல் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலை நெடுங்காலம் பரீட்சை நடத்தும் ஸ்தாபனமாகவே இருந்தமையால், வேறோரிடத்தில் வகுத்த பாடத்தை வேறொருவர் வைக்கும் பரீட்சைக்குள் முடித்துக் கொடுப்பதே ஆசிரியரின் பிரதான கடமை ஆயிற்று.

இச்சீமைக்கோ அத்தகைய கலாசாலை வெகுகாலம் எட்டவில்லை. திருச்சிக்கோ கும்பகோணத்துக்கோ சிதம்பரத்துக்கோ பிள்ளையை அனுப்ப வல்லவர் சிலரே. 1965-இல் அரியலூரில் அரசு கலைக் கல்லூரி தோன்றியது. 1982-இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் அமைந்தது. பெரம்பலூரை அடுத்த குரும்பலூரில் அதன் உறுப்புக் கல்லூரியாகத் தொடங்கியது பின்னர் அரசுக் கல்லூரியாயிற்று. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்போர் வகுப்பில் வந்து அமர்ந்தனர். வீட்டில் பாடம் கேட்டறிய ஆளில்லாத அம்மாணாக்கர்க்கு, அந்த 16 மணி நேரத்துக்கு அப்பாலும் ஆசிரியரின் உதவி இன்றியமையாததாயிற்று.

மானியக் குழுவின் 2010, 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளில் இடம்பெற்ற தொழில் ஒழுக்க நெறிகள் இவ்விடத்தில் கவனிக்கத்தக்கவை. வகுப்பு நேரத்துக்குப் புறம்பாகவும் கைம்மாறு கருதாது மாணாக்கர்க்கு வழிகாட்டுக என்று அவை கூறுவது, குன்னத்து ஆசிரியரும் செங்கணத்து ஆசிரியரும் எவரும் சொல்லாமலே செய்ததுதான். மதம், சாதி, அரசியல், பொருளாதார நிலை முதலிய எவ்வேறுபாடும் பாராமல் நடுநிலையோடு நடத்துக என்னும் விதிக்கோ எண்ணாயிரத்திலும் முன்மாதிரி இல்லை, திண்ணைப் பள்ளியிலும் இல்லை. பழைமையைப் போற்றுவோர் இதனைப் பெரும்பாலும் பேசாமல் கடந்துவிடுகின்றனர்.

எனினும் இக்கடமைகளை மேற்கொள்பவர் யார் என்று பார்த்தால், தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும்பகுதியைத் தாங்குபவர், நிரந்தரப் பணியும் பதவி உயர்வும் இல்லாத கௌரவ விரிவுரையாளராகவே இருக்கின்றார். சோழர் சாசனம் ஆசிரியரின் ஜீவனத்தை முதலில் உறுதிசெய்தது. ஆனால் கடமையை விரித்துரைக்கவில்லை. நம் விதிகள் கடமையை விரிவாக எழுதிவிட்டு, ஜீவனத்தை ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் ஆணையில் விட்டுவைத்திருக்கின்றன.